கார் கூரையைப் பார்த்து ரேக் வாங்குங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பகாவ் பக்கத்தில் உள்ள ஒரு செம்பனை ஆலையில் 26 ஆண்டுகளாக மெக்கானிக் வேலை பார்க்கிறேன். தங்கள் நாளிதழுக்கு நான் எழுதும் முதல் கடிதம் இது. போன மழைக்காலத்தில் என் மகளின் அலைச்சறுக்குப் பலகை ஓடும் காரின் கூரையிலிருந்து பிய்த்துக்கொண்டு போய்ச் சாலையில் விழுந்தது. பின்னால் மோட்டார் சைக்கிளில் ஒரு பெரியவர் வந்துகொண்டிருந்தார். அவருக்கும் பலகைக்கும் நடுவே பத்தடி கூட இருந்திருக்காது. அந்தப் பத்தடியை நினைத்துத்தான் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன்.

தோட்டத்து ஊர்ப் பிள்ளைக்கு அலைச்சறுக்கு எதற்கு என்று உறவுக்காரர்களே கேட்டார்கள். என் மகள் கல்லூரி நண்பர்களோடு கிழக்குக்கரையில் உள்ள செராத்திங் கடற்கரைக்குப் போனபோது அங்கே ஒரு நாள் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். வீட்டுக்கு வந்தும் இரண்டு வாரம் அதே பேச்சுதான். என் அப்பா ஆயுசு முழுவதும் பால்மரக் காட்டில் இருந்தவர், கடலை அவர் பார்த்ததே நான்கைந்து தடவைதான். பேத்தி அலை மேல் நிற்பதைக் கைப்பேசியில் பார்த்து அவருக்குக் கண் கலங்கிவிட்டது. அப்புறம் நான் யாரைத் தடுப்பது? பகுதி நேர வேலை பார்த்துச் சேர்த்த பணத்தில் எட்டடி நுரைப்பலகை ஒன்றைப் பழையதாக வாங்கினாள். எங்கள் தாமான் குடியிருப்பில் இப்போது மூன்று பிள்ளைகள் பலகை வைத்திருக்கிறார்கள்.

எங்களுக்குக் கிட்டக் கிடக்கிற கடல் போர்ட்டிக்சன். ஆனால் மலாக்கா நீரிணையில் சறுக்குகிற மாதிரி அலை வராது. வடகிழக்குப் பருவக்காற்று அடிக்கும் நவம்பர் முதல் மார்ச் வரை தென்சீனக் கடல் பக்கம்தான் போக வேண்டும். அதாவது கெமாயான், திரியாங், கெராயோங் வழியாகத் தெமெர்லோ, அங்கிருந்து கிழக்குக்கரை நெடுஞ்சாலையில் குவாந்தான், பிறகு கடலோரச் சாலையில் செராத்திங். நல்ல மழையில் நான்கு மணி நேரத்துக்குக் குறையாது. அலை இருக்கும் மாதங்கள்தான் மழை கொட்டும் மாதங்களும். பலகையைக் கார் கூரையில் ஏற்றிக் கட்டுவதற்கான ரேக் வாங்கும்போது இதை நான் யோசிக்கவே இல்லை.

என்னுடையது 2012 மைவி கார். ரேக் மாட்டுவதற்குக் கூரையில் ரெயில் கம்பி கிடையாது, வெறும் தகரம். கடைத்தெருவில் ஒரு கடைக்காரரிடம் கேட்டேன். எந்தக் காருக்கும் பொருந்தும் என்று ஒரு பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தார். என்ன கார் என்று அவர் கேட்கவில்லை, எத்தனை கிலோ மீட்டர் ஓடப் போகிறீர்கள் என்றும் கேட்கவில்லை. உள்ளே இரண்டு நுரைத் திண்டுகளும் நாடாக்களும் இருந்தன. திண்டைக் கூரை மேல் குறுக்காகப் போட்டு, கதவைத் திறந்து நாடாவைக் காருக்குள் கொண்டுவந்து இறுக்கி, கதவைச் சாத்த வேண்டும். விலையும் குறைவு, மாட்டுவதும் ஐந்து நிமிடம். மெக்கானிக்கான எனக்கே அது போதும் என்றுதான் பட்டது.

திரியாங் தாண்டும்போது மழை பிடித்தது. கொஞ்ச நேரத்தில் மகள், "அப்பா, மேலேருந்து தண்ணி சொட்டுது" என்றாள். நாடா ஈரத்தை உறிஞ்சி, கதவிடுக்கு வழியாக உள்ளே கொண்டுவந்து அவள் மடியில் விட்டுக்கொண்டிருந்தது. சரி, துண்டை வைத்துத் துடைத்துக்கொள் என்று சொல்லிவிட்டு நான் ஓட்டிக்கொண்டே போனேன். அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். ஈரம் அவ்வளவு ஏறியிருக்கிறது என்றால் நாடா என்ன கதியில் இருக்கும் என்று இறங்கிப் பார்த்திருக்க வேண்டும். அது நைலான் நாடா. நைலான் தண்ணீரைக் குடித்தால் நீளும். பாலியெஸ்டர் அந்த அளவுக்கு நீளாது. ஆலையில் பாரம் தூக்கும் பட்டைகளோடு தினமும் புழங்குகிற எனக்கு இது தெரிந்த விஷயம். என் கார் கூரையில் அது ஞாபகத்துக்கு வரவில்லை.

பலகையையும் தப்பாகத்தான் வைத்திருந்தேன். மூக்கு முன்னால், ஏறி நிற்கும் பக்கம் மேலே. அலைச்சறுக்குப் பலகையின் மூக்கு மேல்நோக்கி வளைந்திருக்கும். அப்படி வைத்தால் எதிர்க்காற்று வளைவுக்கு அடியில் புகுந்து தூக்கும். போதாததற்கு மோட்டார் டியூபைக் கீறி எடுத்த ரப்பரால் மேலே ஒரு சுற்று சுற்றியிருந்தேன். தோட்டத்தில் புல்லுக்கட்டு முதல் அரிசி மூட்டை வரை டியூப் ரப்பரில் கட்டித்தான் எனக்குப் பழக்கம். ஆனால் ரப்பர் இழுத்தால் இழுபடும். காற்று பலகையைத் தூக்கத் தூக்க அதுவும் இடம் கொடுத்துக்கொண்டே போகும்.

எதிரே பழக்குலை ஏற்றிய லாரி ஒன்று வேகமாகக் கடந்தது. அந்தக் காற்றில் முன் நாடா விட்டுக்கொடுக்க, பலகை எழுந்து நின்று பின்பக்கமாக உருவிக்கொண்டு போய்விட்டது. கண்ணாடியில் அது சுழல்வதையும் ஒரு மோட்டார் விளக்கு ஒதுங்குவதையும் பார்த்தேன். அந்தப் பெரியவர் புல்தரையில் வண்டியை இறக்கி நிறுத்திவிட்டார், விழவில்லை. நான் நடுங்கிக்கொண்டு ஓடினேன். "ஒண்ணும் ஆவல தம்பி, மொதல்ல ரோட்ல கிடக்கிறத எடுங்க" என்றார். பலகையின் ஒரு முனையை அவரே தூக்கிக்கொண்டார். அன்றைக்கு நாங்கள் செராத்திங் போகவில்லை.

அதற்குப் பிறகு இதைப்பற்றி நிறையத் தேடிப் படித்தேன், ஓய்வு நாட்களில் கையால் செய்தும் பார்த்தேன். எனக்கு விளங்கியது இதுதான். நாம் ரேக் வாங்கப் போனால், "எத்தனை கிலோ தாங்கும்?" என்று கேட்கிறோம். அலைச்சறுக்குப் பலகைக்கு அந்தக் கேள்வி அவ்வளவு முக்கியமில்லை. மகளின் எட்டடி நுரைப்பலகையை எங்கள் ஆலைத் தராசில் வைத்தேன், ஏழு கிலோ கூட இல்லை. கார்க் கையேட்டில் கூரைக்கு இவ்வளவு பாரம் என்று எழுதியிருப்பார்கள், ரேக்கின் எடையும் அதில் சேர்த்திதான். மூன்று பலகை போட்டாலும் நாம் அந்தக் கணக்கைத் தாண்டப் போவதில்லை. நமக்கு எதிரி காற்று. வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் விசை நான்கு மடங்காகும். மணிக்கு 60 கிலோ மீட்டரில் போகும்போது இருக்கும் விசை, நெடுஞ்சாலையில் 110 தொட்டால் மூன்று மடங்குக்கு மேல் ஏறிவிடும். பகாவ் கடைத்தெருவில் ஆடாமல் அசையாமல் இருக்கிற பலகை தெமெர்லோ தாண்டியதும் வேறு பலகை ஆகிவிடுகிறது. ஆகவே கேட்க வேண்டிய கேள்வி, இந்த ரேக் என் கார் கூரையை எதைக்கொண்டு பிடிக்கிறது என்பதுதான்.

அதற்கு முதலில் வாசலில் நிற்கும் சொந்தக் காரின் கூரையைப் பார்க்க வேண்டும். பழைய டட்சன் 120ஒய், ஹையேஸ் வேன் போன்றவற்றில் கூரை ஓரத்தில் மழைநீர் ஓடுவதற்கு ஒரு விளிம்பு இருக்கும், ரேக்கின் கால் அதைக் கவ்விக்கொள்ளும். சில பெரிய கார்களில் நீளவாக்கில் ரெயில் உண்டு. ரெயிலுக்கு அடியில் கை நுழைகிறதா, அல்லது கூரையோடு ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள், இரண்டுக்கும் கால் வேறு. சில ரெயில் அழகுக்கு ஒட்டிய பிளாஸ்டிக், அதில் ஒன்றையும் மாட்டக்கூடாது. மைவி மாதிரி வெறுங்கூரைக் கார்களுக்குக் கதவைத் திறந்தால் தெரியும் மேல்விளிம்பைக் கொக்கியால் கவ்வும் வகைதான் வழி. நம் ஊர்களில் ஓடும் கார்களில் பெரும்பாலானவை இந்த ரகம் என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

இந்த வகையில் குறுக்குக் கம்பி இரண்டு, கால் நான்கு. காலுக்கு அடியில் வரும் ரப்பர் திண்டும் கொக்கியும் அந்தந்தக் கார் மாடலுக்கென்று தனியாக விற்கப்படும். காசை மிச்சம் பிடிக்கிறேன் என்று நண்பரின் வேறு காரிலிருந்து கழற்றிய கொக்கியை மாட்டாதீர்கள். வளைவு பொருந்தாவிட்டால் கூரை நெளியும், கதவு ரப்பர் சரியாக உட்காராது, மழையில் தண்ணீர் இறங்கும். எனக்குப் பழைய எஃகுக் கம்பி ஜோடி ஒன்று கிடைத்தது, கொக்கியை மட்டும் என் மாடலுக்குப் புதிதாக வரவழைத்தேன். எல்லாம் சேர்த்து, முதலில் வாங்கிய நுரைத் திண்டைப் போல நான்கு மடங்கு செலவு. அதில் எனக்கு வருத்தமே இல்லை. இறக்கை வடிவ அலுமினியக் கம்பிக்கு இரைச்சல் குறைவு, விலை கூடுதல். சதுர எஃகுக் கம்பி கொஞ்சம் ஊளையிடும், பிடிமானத்தில் குறை ஒன்றும் காணோம். அதற்கு மேல் ஏர்கான் குழாய்க்குச் சுற்றும் கறுப்பு ரப்பர் நுரையை வாங்கிச் சுற்றிவிட்டேன். இரும்புக்கடையில் சில வெள்ளிதான். பலகை வழுக்காது, தழும்பும் விழாது.

கம்பிகளை எவ்வளவு தள்ளி மாட்ட முடியுமோ அவ்வளவு தள்ளி மாட்டுங்கள். மைவிக்குக் குட்டைக் கூரை, இருந்தாலும் எனக்கு 70 சென்டி மீட்டர் கிடைத்தது. இரண்டையும் நெருக்கி மாட்டினால் பலகை தராசுத் தட்டு போல முன்னும் பின்னும் ஆடும். இடம் முடிவானதும் கதவு விளிம்பில் உள்பக்கமாகப் பேனாவால் ஒரு கோடு போட்டுவிட்டால் அடுத்த முறை அளக்க வேண்டாம். போல்ட்டைக் கூடவே வரும் சாவியால் நான்கு காலுக்கும் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். நம் ஆட்கள் நீளமான ஸ்பேனரைப் போட்டுப் பலத்தைக் காட்டுவார்கள், தகரம் உள்வாங்கிவிடும். இன்னொன்று, மைவிக்குப் பின்கதவு மேல்நோக்கித் திறக்கும். பலகை பின்னால் ரொம்ப நீட்டிக்கொண்டிருந்தால் கதவு போய் அதில் மோதும். வாங்கிய அன்றே ஒரு தடவை பலகையை வைத்துப் பின்கதவைத் திறந்து பார்த்துவிடுங்கள்.

இப்போது பலகையைக் கவிழ்த்து வைக்கிறோம். வால் முன்னால், பலகையின் அடியில் வால் பக்கம் இருக்கும் துடுப்புகள் மேல்நோக்கி, முன்கம்பியின் நாடாவுக்கு முன்னால் நிற்கிற மாதிரி. அப்படி வைத்தால் வளைவு கீழ்நோக்கி இருக்கும், காற்று பலகையைக் கம்பியோடு சேர்த்து அழுத்தும். நாடா தளர்ந்து பலகை பின்னால் நழுவினாலும் துடுப்பு நாடாவில் மாட்டிக்கொள்ளும். நாடா பாலியெஸ்டராக, கையால் இழுத்து இறுக்கும் கவ்வுப்பூட்டு வைத்ததாக இருக்கட்டும். லாரிக்காரர்கள் போடும் நெம்புகோல் பட்டை வேண்டாம், அது நுரையை நசுக்கிவிடும். நாடா ஒவ்வொன்றும் கம்பியைச் சுற்றி வர வேண்டும். மேலே ஒரு முறுக்குக் கொடுத்துவிட்டால் காற்றில் படபடக்காது. மிச்ச நுனியைக் கதவுக்குள் திணிக்காமல் கம்பியில் சுற்றி முடிச்சுப் போடுங்கள், மடியில் தண்ணீர் சொட்டாது.

வீட்டிலிருந்து கிளம்பிப் பதினைந்து நிமிடத்தில் ஓரமாக நிறுத்தி ஒரு தரம் இழுத்துப் பார்க்கிறேன். புது நாடா முதல் ஓட்டத்தில் கொஞ்சம் இளகத்தான் செய்யும். பிறகு தெமெர்லோவில் நெடுஞ்சாலை ஏறுமுன் ஒருமுறை, கம்பாங் ஓய்விடத்தில் ஒருமுறை. மழையில் நனைந்துகொண்டு இறங்க வேண்டியிருக்கும், இறங்குங்கள். கூரையில் பலகை இருக்கும்போது நான் 90க்கு மேல் போவதில்லை. செராத்திங் சேர்ந்ததும் பலகையை வெயிலில் விட்டுவைப்பதில்லை, கால் வழுக்காமல் இருக்கப் பலகையில் பூசும் மெழுகு சூட்டில் உருகி வழியும், ஒட்டு விட்டுப் பலகை உப்பிவிடும்.

ஆசிரியர் ஐயா அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். புதுக் கார்களைப்பற்றி எழுதும் பக்கத்தில், இருக்கிற காரின் கூரையில் எதை எப்படிக் கட்டுவது என்பதையும் ஒரு தடவை எழுதச் சொல்லுங்கள். பலகைக்கு மட்டும் இல்லை. கல்யாண வீட்டுக்கு மெத்தையும் பாயும் ஏற்றிப்போகிறோம், திருவிழாவுக்குக் காவடி ஏற்றிப்போகிறோம். கடைக்காரர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். ரேக் கேட்டு ஒருவர் வந்தால், பொட்டலத்தை எடுக்குமுன் என்ன கார், எவ்வளவு தூரம் என்று கேளுங்கள். வெளியே வந்து கூரையை ஒரு பார்வை பாருங்கள். இரண்டு நிமிடம்தான் ஆகும்.

வருகிற நவம்பரில் என் மகளோடு தாமானில் உள்ள மற்ற இரண்டு பிள்ளைகளும் எங்கள் காரிலேயே வருகிறார்கள். பெரிய பலகை அடியில், சின்னது மேலே, நடுவில் துண்டு போட்டு மூன்றையும் அடுக்கிப் போன ஞாயிற்றுக்கிழமை கெமாயான் வரை ஒரு சோதனை ஓட்டம் போய் வந்தோம். பலகை விழுந்த இடத்துக்கு அன்றைக்குப் போகவில்லை. நவம்பரில் அந்த வழியாகத்தான் போக வேண்டும். அந்தப் பெரியவர் திரியாங் கடைத்தெருவில் வெற்றிலை வாங்க வருவேன் என்று சொன்னார். அங்கே நிறுத்தி அவரைத் தேட வேண்டும் என்று மகளிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
செம்பனை ஆலை மெக்கானிக் ஒருவர்,
பகாவ், நெகிரி செம்பிலான்.