டிரைவர் பிரச்சனைன்னா மொதல்ல எரர் கோடக் கேளுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நம்ம பேப்பர்ல வர்ற கம்ப்யூட்டர் கேள்வி பதில் பகுதிய விடாம படிக்கிறவன் நான். போன வாரம் ஒரு வாசகர், விண்டோஸ் 11 மாத்தினதுல இருந்து பழைய ஸ்கேனர் வேலை செய்யலன்னு கேட்டதுக்கு, நெட்ல ஒரு டிரைவர் அப்டேட்டர் சாஃப்ட்வேர் எறக்கிப் போடுங்க எல்லாம் தானா சரியாயிடும்னு பதில் வந்திருந்துச்சு (டிரைவர்னா, ஸ்கேனர் மாதிரி ஒரு பொருள விண்டோஸ் இயக்குறதுக்கு வேணுங்குற சின்ன சாஃப்ட்வேர்). தயவுசெஞ்சு இந்த யோசனைய இனிமே யாருக்கும் குடுக்காதீங்க.

நான் கம்ப்யூட்டர் சர்வீஸ் பாக்குறவன். அந்த மாதிரி சாஃப்ட்வேர் போட்டு, நல்லா ஓடிட்டிருந்த சவுண்டும் வைஃபையும் சேர்ந்து போயி எங்கிட்ட வர்ற மெஷின் நெறைய. கம்ப்யூட்டர சோதிச்சுப் பாக்குறது ஃப்ரீ, சரி பண்ண காசுன்னு சொல்லும், காசு கட்டினாலும் மாடல் மாறின டிரைவரப் போட்டுவிடும். இல்லாத டிரைவர அதால உண்டாக்கவும் முடியாது. 2025 அக்டோபர் 14-ஓட விண்டோஸ் 10-க்கு சப்போர்ட் முடிஞ்சதால நெறைய பேர் 11-க்கு வந்துட்டாங்க, ஆனா விண்டோஸ் 11-ல 32 பிட்னு சொல்ற பழைய வகை வெர்ஷனே கெடையாது, 64 பிட் மட்டும்தான், ஒரு பழைய ஸ்கேனருக்கு கம்பெனிக்காரன் 32 பிட் டிரைவர் மட்டும்தான் போட்டு வச்சிருக்கான்னா எந்த அப்டேட்டர் போட்டாலும் அது ஓடாது. அத அந்த வாசகர்கிட்ட நேரா சொல்லியிருக்கலாம்.

கம்ப்யூட்டர்ல இருக்குற பொருளையெல்லாம் பட்டியலா காட்டுற டிவைஸ் மேனேஜர விண்டோஸ்ல தெறந்து, மஞ்சள் குறி இருக்குற எடத்துல டபுள் கிளிக் பண்ணா எரர் கோட் நம்பர் வரும், பாதி விஷயம் அதுலயே தெரிஞ்சிரும். 22-ன்னா யாரோ டிசேபிள் பண்ணி வச்சிருக்காங்க, எனேபிள் பண்ணா போதும். 28-ன்னா டிரைவரே போடல. அப்ப அதே விண்டோல டீடெயில்ஸ்ல போயி ஹார்டுவேர் ஐடி, அதாவது அந்தப் பொருளோட அடையாளக் குறியீடு பாத்து, அந்தப் பொருள் எதுன்னு தெரிஞ்சிக்கிட்டு அதத் தயாரிச்ச கம்பெனி சைட்லயே டிரைவர் எடுக்கணும். 43-ன்னா டிவைஸே கோளாறுன்னு சொல்லி விண்டோஸ் அத நிறுத்தி வச்சிருக்கு, கேபிள மாத்தி, போர்ட்ட மாத்தி, வேற மெஷின்ல சொருகிப் பாக்கணும், அங்கயும் அதே 43 வந்தா பெரும்பாலும் பொருள்லதான் கோளாறு, அதுக்காக விண்டோஸ ஃபார்மட் பண்றது வீண் வேலை.

கோட் 10, அதாவது டிவைஸ் ஸ்டார்ட் ஆகலன்னு சொல்ற எரர் பத்தி கொஞ்சம் கூடுதலா சொல்லணும், ஏன்னா கடைக்காரங்கதான் இதுல அதிகமா மாட்டுறாங்க. எடை மெஷின பில்லிங் கம்ப்யூட்டரோட சேக்குற யுஎஸ்பி டு சீரியல் கேபிள் இருக்குல்ல, அதுல பல கேபிள்ல பிஎல்2303-ன்னு ஒரு சிப் இருக்கும், அதோட பழைய வகைக்கு புது டிரைவர் சப்போர்ட் பண்ணாது, போலி சிப்பா இருந்தாலும் ஏத்துக்காது. நேத்து வரைக்கும் ஓடின கேபிள், விண்டோஸ் அப்டேட் முடிஞ்சதும் கோட் 10 காட்டி நின்னுபோகும். உடனே எடை மெஷின் போர்டு போச்சுன்னு சொல்லி கடைக்காரங்ககிட்ட ஆயிரக்கணக்குல காசு வாங்குற ரிப்பேர்காரங்க இருக்காங்க, கேட்கவே வயித்தெரிச்சலா இருக்கு. டிவைஸ் மேனேஜர்ல அந்தக் கேபிளுக்கான அப்டேட் டிரைவர்ல போயி லிஸ்ட்ல இருக்குற பழைய வெர்ஷன தேர்ந்தெடுத்தா பல நேரம் அப்படியே ஓடும், ஓடலன்னா வேற சிப் உள்ள கேபிள் ஒண்ணு வாங்கினா முடிஞ்சிது. 2014-ல இதே மாதிரி கேபிளுக்கு சிப் செய்யுற எஃப்டிடிஐ கம்பெனியோட டிரைவர் விண்டோஸ் அப்டேட் வழியா வந்து போலி சிப்புகளோட ஐடியையே பூஜ்யமா மாத்தி முடக்கிப் போட்டது பெரிய சர்ச்சையாச்சு, அப்புறம்தான் அத எடுத்தாங்க. அதனால அப்டேட் பண்ணா சரியாயிடும்னு எப்பவும் சொல்லிட முடியாது.

இனிமே கேள்வி அனுப்புறவங்ககிட்ட எரர் கோட், ஹார்டுவேர் ஐடி, விண்டோஸ் வெர்ஷன் மூணையும் எழுதச் சொல்லி அந்தப் பக்கத்துலயே ஒரு கட்டம் கட்டிப் போடுங்க. அந்த ஸ்கேனர் வாசகருக்கு வர்ற வாரமே திருத்தம் போட்டீங்கன்னா நல்லது, அவர் இன்னும் எதையும் எறக்காம இருக்கலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், திண்டுக்கல்