முட்டி வலி என்று சொன்ன அம்மாவுக்கு

அன்புள்ள எல்லோருக்கும் வணக்கம்.

இரண்டு கால் பெருவிரல் நகமும் கறுத்துப்போய்க் கிடக்கின்றன. வீட்டுப் படியில் நண்டு மாதிரி பக்கவாட்டில்தான் இறங்குகிறேன். 2021 சட்டமன்றத் தேர்தல் வாக்குப்பதிவு முடிந்து இன்றோடு ஐந்து நாள். இதற்கு மேல் தள்ளிப்போட்டால் எழுதாமலே விட்டுவிடுவேன் என்று பயந்து உட்கார்ந்துவிட்டேன்.

நடந்ததை மறுபடி முதலிலிருந்து சொல்லப் போவதில்லை. கோட்டூர் மலைக்குத் தேர்தல் பணிக்குப் போன வாத்தியார் ஒருவர் வழியில் விழுந்துவிட்டார் என்று வாட்ஸ்ஆப்பில் சுற்றியதை தருமபுரி மாவட்டத்து ஆசிரியர்களில் பாதிப் பேராவது படித்திருப்பீர்கள். அந்த வாத்தியார் நான்தான். விழுந்தது உண்மை. மயக்கம் என்பது பொய். தூளி கட்டித் தூக்கிப் போனார்கள் என்பது சுத்தப் பொய். ஏறியதும் நடந்துதான், இறங்கியதும் நடந்துதான். கழுதை மேல் ஏற்றினார்கள் என்று எழுதிய நண்பருக்கு ஒரு வார்த்தை: கழுதை மேல் போனது வாக்குப்பதிவு இயந்திரம். 2019 தேர்தலிலும் இந்த மலைக்கு இயந்திரங்கள் கழுதை முதுகில்தான் போயின. எனக்கு அந்த யோகம் இல்லை.

தப்பு என் மேல்தான். வயது ஐம்பத்து நாலு, எடை தொண்ணூற்று இரண்டு கிலோ. பள்ளிக்கூடத்து மாடிக்கு ஏறினாலே வகுப்பு வாசலில் ஒரு நிமிடம் நின்று, சாக்பீஸ் தேடுவதுபோல் சட்டைப்பையைத் துழாவிவிட்டுத்தான் உள்ளே போவேன். ‘சார், மருத்துவச் சான்று வைத்து வேறு சாவடி கேளுங்கள்’ என்று உடன் வேலை பார்க்கிறவர்கள் சொன்னார்கள். அங்கே இருக்கிறவர்கள் தினமும் ஏறி இறங்குகிறார்கள், நான் ஒரு நாள் ஏற மாட்டேனா என்று வீறாப்பாகப் பேசிவிட்டேன். இதற்காகவே புது ஷூ வேறு வாங்கினேன். புது ஷூ போட்டுக்கொண்டு மலை ஏறக் கூடாது என்பது இப்போது தெரிகிறது.

அடிவாரத்தில் வண்டியை விட்டு இறங்கும்போது வெயில் ஏறிவிட்டது. ஏப்ரல் மாத வெயில். மூக்கில் முகக்கவசம், தோளில் பை. பைக்குள் போர்வை, துண்டு, மாத்திரை டப்பா, இரண்டு லிட்டர் தண்ணீர், என் மனைவி கட்டிக் கொடுத்த எலுமிச்சை சாதம், அப்புறம் எதற்கென்றே தெரியாமல் ஒரு தடிப் புத்தகம். எத்தனை கிலோமீட்டர் என்று கேட்டால் ஆளுக்கொரு கணக்கு சொன்னார்கள். முதல் அரை மணி நேரம் நான்தான் முன்னால் போனேன். வேகமாக ஏறிவிட்டால் சீக்கிரம் முடிந்துவிடும் என்பது என் திட்டம். இப்படி ஒரு திட்டத்தோடு மலை ஏறுகிறவன் எங்கே போய் உட்காருவான் என்பதை அனுபவம் உள்ளவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இயந்திரம் நிற்க முடியாது. அதை விட்டுத் தலைமை அலுவலரும் நகர முடியாது. இருட்டுவதற்குள் மேலே போயாக வேண்டும், யானை நடமாட்டம் உள்ள காடு. அதனால் ஊர்க்காரப் பையன் ஒருவனை என் துணைக்கு வைத்துவிட்டு மற்றவர்கள் போனார்கள். அவர்கள் போனது சரிதான். நானே போகச் சொன்னேன். என்னை விட்டுவிட்டுப் போனார்கள் என்று யாரும் பேச வேண்டாம்.

உசிலை மரத்தடியில் ஒரு பாறை. அதில் சாய்ந்து கிடந்தேன். கெண்டைக்கால் இரண்டும் குரக்களி பிடித்துக் கல்லாக இருந்தன. பையன் என்னைப் பார்ப்பதும் பாதையைப் பார்ப்பதுமாக இருந்தான். ‘மேலே போய் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வரட்டுமா சார், தூளி கட்டித் தூக்கிக்கலாம்’ என்றான். பிரசவ வலி எடுத்தவர்களையும் பாம்பு கடித்தவர்களையும் தூக்கிப்போகிற தூளி. விரலில் மை வைக்க வந்த ஆளை அதில் தூக்கிக்கொண்டு போய் ஊருக்குள் இறக்கினால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். வலியைவிட அதுதான் அதிகமாக வலித்தது.

அப்போதுதான் கீழேயிருந்து அந்த அம்மா வந்தார். அறுபதுக்கு மேல் இருக்கும். தலையில் அரிசி மூட்டை, காலில் தேய்ந்த ரப்பர் செருப்பு. நின்று என்னைப் பார்த்தார். பையனிடம் ஏதோ கேட்டார். பிறகு மூட்டையை இறக்கி வைத்துவிட்டு எனக்கு எதிரில் குந்தினார்.

‘சாரு, எனக்கும் மேலதான். முட்டி புடிச்சுக்கிச்சு. ஒத்தையில ஏற பயமா இருக்கு. தொணைக்கு வர்றீங்களா?’

என்ன ஆச்சு என்று கேட்கவில்லை. முடியுமா, முடியாதா என்று கேட்கவில்லை. என்னைத்தான் துணைக்குக் கூப்பிட்டார். வயதான அம்மா, முட்டி வலி, காட்டுப் பாதை. வர மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? ‘வாங்கம்மா, போகலாம்’ என்று எழுந்தேன். சத்தியமாக, அவருக்கு நான் உதவி செய்கிறேன் என்றே நினைத்தேன்.

கிளம்பும் முன் முந்தானை முடிச்சை அவிழ்த்தார். உள்ளே புளியும் கல் உப்பும். கொஞ்சம் புளியில் இரண்டு கல்லை வைத்து உருட்டி, ‘எனக்கு இது வாயில இருந்தாத்தான் ஏற வரும், நீங்களும் ஒண்ணு போடுங்க’ என்றார். வியர்வையோடு உப்பும் வெளியேறும் என்று வருடா வருடம் பாடம் நடத்துகிறவன் நான். என் பையில் மாத்திரை இருந்தது, புத்தகம் இருந்தது, ஒரு சிட்டிகை உப்பு இல்லை.

பிறகு மூட்டையைப் பாறை இடுக்கில் வைத்து மேலே இலைதழையைப் போட்டார். ‘இன்னைக்கு முட்டிக்கு இது தாங்காது. நாளைக்கு எடுத்துக்கறேன். உங்க பையக் குடுங்க.’ வேண்டாம்மா என்றேன். ‘தலையில ஒண்ணும் இல்லாட்டி எனக்கு நடை வராது சாரு’ என்றார். அதற்கு என்ன பதில் சொல்வது? என் போர்வையும் எலுமிச்சை சாதமும் தடிப் புத்தகமும் அவர் தலையில் ஏறின.

அதற்கப்புறம் நடந்ததுதான் நடை. இருபது அடி ஏறுவோம். ‘அம்மாடி, முட்டி’ என்று நிற்பார். நானும் நிற்பேன். மூச்சு சீரானதும் அவரே கிளம்புவார். மறுபடி இருபது அடி. இனி ஒரு அடிகூட முடியாது, நிற்கலாம் என்று சொல்லிவிட வேண்டியதுதான் என்று நான் வாயைத் திறக்கப் போகிற நொடியில் அவருக்கு முட்டி வலித்துவிடும். ஒரு தடவைகூட நான் கேட்க வேண்டி வரவில்லை. நேராக ஏறாமல் பாதையில் இந்த ஓரத்துக்கும் அந்த ஓரத்துக்குமாக வளைந்து வளைந்து ஏறினார். ‘இப்படி ஏறுனா முட்டிக்கு நோவாது.’ அடியைக் குட்டையாக வைத்தார். ‘எட்டி வெச்சா முட்டி கேக்காது.’ உருளுகிற கல்லைக் காலால் ஒதுக்கிவிட்டு அதற்குப் பக்கத்தில் மிதித்தார். மலை ஏறுகிறவன் தெரிந்துகொள்ள வேண்டிய அத்தனையும் அவர் முட்டியின் பேரில் எனக்குச் சொல்லிக் கொடுக்கப்பட்டது.

நானோ, மூச்சு வந்ததும் வாத்தியார் வேலையைத் தொடங்கிவிட்டேன். இந்த வயதில் முட்டியில் தேய்மானம் வரும், சுண்ணாம்புச் சத்து பற்றாது, கேழ்வரகுக் களியை விட்டுவிடாதீர்கள், காலையில் காலை நீட்டி மடக்கிப் பயிற்சி செய்யுங்கள், எடை தூக்காதீர்கள். எல்லாவற்றுக்கும் ‘அப்பிடிங்களா சாரு’ என்றார். இதை எழுதும்போது காது சூடாகிறது.

மேலே போய்ச் சேர்ந்தபோது விளக்கு வைக்கிற நேரம். பையன் முன்னால் ஓடிப்போய்ச் சொல்லியிருந்ததால் வாக்குச்சாவடியான பள்ளிக்கூடத்து வாசலில் எல்லோரும் நின்றார்கள். அந்த அம்மா பையைத் திண்ணையில் வைத்தார். ‘நல்லவேளை சாரு தொணைக்கு வந்தாரு’ என்று எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி சொன்னார். நான் திரும்பி நன்றி சொல்வதற்குள் இருட்டில் போய்விட்டார்.

மறுநாள் மாதிரி வாக்குப்பதிவுக்காக விடியும் முன்பே எழுந்தோம். பல் துலக்கிக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தேன். பள்ளத்திலிருந்து ஒருவர் தண்ணீர் எடுத்துக்கொண்டு வந்தார். தலையில் ஒரு குடம், இடுப்பில் ஒரு குடம். ஒரு பாறையிலிருந்து இன்னொரு பாறைக்கு ஒரே எட்டு. தண்ணீர் தளும்பவில்லை. வெளிச்சம் போதாமல் கண்ணைச் சுருக்கிப் பார்த்தேன். அவரேதான்.

‘அந்தம்மாவுக்கு முட்டி வலிதானே?’ என்று பையனைக் கேட்டேன். அவன் சிரித்துவிட்டான். ‘அதுக்கா? நேத்து உங்கள விட்டுட்டு, பாதி வழியில வெச்ச மூட்டைய எடுக்கத் திரும்ப எறங்கிப் போச்சு சார். எட்டரைக்கு முன்னாடி வந்துருச்சு.’

நாங்கள் ஏற அந்தி சாய்கிறவரை எடுத்துக்கொண்ட பாதை அது.

அந்த அம்மாவும் ஓட்டுப் போட வந்தார். பெயரை எழுத மாட்டேன், எழுதவும் கூடாது. முந்தானையை வாயில் சுற்றியிருந்தார். இந்த வருடம் கொரோனாவுக்காக வலது கைக்குக் கொடுக்கிற பிளாஸ்டிக் உறையை மாட்டிக்கொண்டு, கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துச் சிரித்தார். பதிவேட்டில் கைநாட்டு வைத்தார். இரண்டாம் அலுவலர் நான், மை வைப்பது என் வேலை. இடது கை ஆள்காட்டி விரலைப் பிடித்தேன். மரப்பட்டை போல வெடித்த விரல், மை எது கோடு எது என்று தெரியவில்லை. கட்சி ஏஜெண்டுகள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், பேச்சு கூடாது. இருந்தாலும் மெதுவாகக் கேட்டுவிட்டேன்.

‘முட்டி எப்படிம்மா இருக்கு?’

‘நீங்க சொன்ன மாதிரி நீட்டி மடக்குனேன் சாரு. சரியாப் போச்சு.’

வாய் மூடியிருந்தது, கண் மட்டும்தான் தெரிந்தது.

சரி, மற்றவர்களுக்கும் சொல்ல வேண்டும். இரவில் தன் கயிற்றுக் கட்டிலை எனக்குத் தந்துவிட்டுத் தரையில் படுத்த காவலர், வெந்நீரில் காலை வைக்கச் சொல்லி அடுப்பு மூட்டித் தந்த பையனின் அம்மா, இறங்கும்போது ஒரு மூங்கில் கழியை வெட்டிக் கையில் கொடுத்த கழுதைக்காரர், ‘சார் பின்னாடி வந்தது எனக்குத் தெரியவே தெரியாது’ என்று முகம் மாறாமல் சொன்ன எங்கள் தலைமை அலுவலர், அடிவாரத்தில் ஏசியைப் போட்டு வைத்துக் காத்திருந்த வண்டி ஓட்டுநர், நகத்தைப் பார்த்து ‘விழுந்துவிடும், ஆனால் முளைக்கும்’ என்று சொன்ன டாக்டரம்மா, தினமும் போன் செய்கிற பழைய மாணவர்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுத வேண்டியவன் மொத்தமாகச் சேர்த்து முடித்துவிட்டேன். பொறுத்துக்கொள்ளுங்கள். என் மனைவிக்குத் தனியாக நேரில் சொல்லிவிட்டேன். ‘அந்தப் புத்தகத்தை எதுக்குத் தூக்கிட்டுப் போனீங்க’ என்பதோடு அது முடிந்தது.

ஏறும்போது சொந்த மூச்சுச் சத்தம் மட்டும்தான் கேட்டது. இறங்கும்போது, மலை ஏறுவதைவிட இறங்குவதுதான் காலைக் கொல்லும் என்று தெரிந்துகொண்ட பிறகு, வேறு சில விஷயங்கள் கண்ணில் பட்டன. அதே பாதையில் எதிரே ஒரு பெண் இடுப்பில் குழந்தையோடு ஏறி வந்தார். ஒரு தாத்தா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எங்களைத் தாண்டி இறங்கிப் போனார், மாத்திரை வாங்கிவரப் போகிறாராம். எங்கள் பெட்டிக்குக் கழுதை உண்டு, போலீஸ் உண்டு, படம் பிடிக்க ஆளும் உண்டு. அந்த அம்மாவின் அரிசி மூட்டைக்கு அவர் தலை மட்டும்தான். சாலை கேட்டு மனு எழுதிக் கொடுங்கள் சார் என்று பையன் கேட்டான். எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். என் கையெழுத்து நன்றாக இருக்கும், அதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை என்று அவனுக்கும் தெரியும்.

மே 2-ஆம் தேதி எண்ணிக்கை முடிந்ததும் நடக்கத் தொடங்கப் போகிறேன். தை மாதத்துக்குள் பத்து கிலோ குறைத்துவிட்டு, பழைய செருப்போடு, தேர்தல் இல்லாத ஒரு நாளில் அந்த மலைக்குப் போக வேண்டும். ஏறும்போது அடிவாரத்தில் அந்த அம்மா மூட்டையோடு நின்றால் நான் வாங்கிக்கொள்ள வேண்டும். தரமாட்டார் என்று தெரியும். எனக்கும் தலையில் ஒன்றும் இல்லாவிட்டால் நடை வராது என்று சொல்லிப் பார்க்கலாம்.

இந்த மடலை அவர் படிக்கப் போவதில்லை. அவர் சொன்னது பொய் என்று நான் கண்டுபிடித்ததையும் அவரிடம் சொல்லவில்லை. மேலே போகிறவர்கள் யாராவது அவரைப் பார்த்தால் நீங்களும் சொல்லிவிடாதீர்கள். வாத்தியார் முட்டி வலியை விசாரித்தார் என்று மட்டும் சொல்லுங்கள்.