ரூபாய்க் கணக்கும் மிதவைப் புள்ளி எண்களும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடைகளில் தரப்படும் கணினி ரசீதுகளில் ஓரிரு பைசா முன்பின்னாக வருவது பற்றித் தங்கள் நாளிதழின் பெங்களூரு பதிப்பில் வெளியான கட்டுரையைப் படித்தேன். தசமக் கணக்கில் தடுமாறுவது கணினியின் பிறவிக்குணம் என்றும், அதற்கு மாற்று வழி இல்லை என்றும் கட்டுரையாளர் முடித்திருந்தார். சிக்பேட்டை, எஸ்.பி. ரோடு வட்டாரக் கடைகளுக்கு பில்லிங் மென்பொருள் எழுதிப் பிழைப்பவன் என்ற முறையில், முதல் கூற்றைச் சில திருத்தங்களோடு ஏற்கிறேன். இரண்டாவதை ஏற்பதற்கில்லை.

தசமப் புள்ளி உள்ள எண்களை நிரல்கள் பெரும்பாலும் மிதவைப் புள்ளி வடிவில் (புள்ளியின் இடம் எண்ணுக்கேற்ப நகரும் வடிவில்) வைத்துக்கொள்கின்றன. மின், மின்னணுப் பொறியாளர்களின் அமைப்பான ஐ.இ.இ.இ. 1985-இல் வெளியிட்ட 754 என்ற தரநிலைப்படி, 'டபுள்' எனப்படும் வகைக்கு 64 பிட் (0 அல்லது 1 நிற்கும் இடம்) உண்டு. கூட்டல் கழித்தல் குறிக்கு 1, அடுக்குக்கு 11, எண்ணின் இலக்கங்களுக்கு 52. இது தசமத்தில் பதினைந்து, பதினாறு இலக்கங்களுக்குப் போதும் என்பதால், அன்றாடத் தொகைகளுக்கு இடம் பற்றாமல் போவதில்லை. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. சுருக்கிய பின்னத்தின் பகுதி எண் இரண்டின் அடுக்காக இருந்தால்தான் அந்தப் பின்னம் இந்த வடிவில் மீதமின்றி அடங்கும். நம் பழைய கீழ்வாய்க் கணக்கில் சொல்வதானால் அரை, கால், அரைக்கால், மாகாணி ஆகியவை அடங்கும். இருபதில் ஒன்றான மாவும், எண்பதில் ஒன்றான காணியும் அடங்கா. (அடங்காத அந்த இரண்டையும் கூட்டினால் பதினாறில் ஒன்றான மாகாணி வந்து, அது மட்டும் கச்சிதமாக அடங்கிவிடுவது ஒரு வேடிக்கை.) பத்தில் ஒன்றை, 0, 1 மட்டுமே கொண்ட இரும முறையில் எழுதப் புகுந்தால் 0011 என்ற துண்டு முடிவே இல்லாமல் திரும்பத் திரும்ப வரும். எங்கோ ஓரிடத்தில் அதை வெட்டித்தான் ஆக வேண்டும். எனவே நிரலில் 0.1 என்று நாம் எழுதினாலும் நினைவகத்தில் பதிவாவது 0.1000000000000000055 என்று தொடங்கும் ஓர் அண்டை எண், 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினால் 0.30000000000000004 என்று விடை வருவதும் இதனால்தான்.

இதை ரூபாய்க்குப் பொருத்திப் பார்த்தால் நிலைமை இன்னும் தெளிவாகும். 00 முதல் 99 வரையிலான நூறு பைசாத் தொகைகளில் 00, 25, 50, 75 ஆகிய நான்கு மட்டுமே டபுளில் பிசகின்றி அடங்கும். மற்ற 96-ம் தோராயங்களே. 1957 ஏப்ரலில் நயா பைசா வராமல் பழைய அணாக் கணக்கே நீடித்திருந்தால், அணாவும் காலணாவும் ரூபாயில் பதினாறில் ஒன்று, அறுபத்துநான்கில் ஒன்று என்பதால், நாங்கள் நிம்மதியாகத் தூங்கியிருப்போம்.

ஓர் உதாரணத்தை அருகில் வைத்துப் பார்க்கலாம். ஓர் உணவகத்தில் 107 ரூபாய்க்குச் சாப்பிட்டவருக்கு 5 சதவீத ஜி.எஸ்.டி., மத்திய வரி இரண்டரை, மாநில வரி இரண்டரை என்று பிரிகிறது. ஒவ்வொரு பாதியும் சரியாக 2.675 ரூபாய். பைத்தான் மொழியில் ஒரு நிரலர் 107-ஐ 0.025-ஆல் பெருக்கினால் கிடைப்பது 2.6750000000000003, அதை இரண்டு தசம இடத்துக்கு முழுமையாக்கினால் 2.68. பக்கத்து மேசை நிரலர் 107-ஐ 2.5-ஆல் பெருக்கி 100-ஆல் வகுத்தால் திரையில் 2.675 என்று அழகாகத் தெரியும். ஆனால் உள்ளே இருப்பது 2.67499999999999982 என்று தொடங்கும் எண் என்பதால், முழுமையாக்கியதும் 2.67 ஆகிவிடும். பள்ளிக் கணக்கில் இரண்டும் ஒன்றே. இங்கே திரையில் சுத்தமாகத் தெரிந்த வழிதான் பைசாவைத் தவறவிட்டது என்பதைக் கவனிக்க வேண்டும். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்: மொத்த வரி 5.35 ஆக இருக்க, இரு பாதிகளின் கூட்டுத்தொகை 5.36 என்றோ 5.34 என்றோ வருவது அரைப் பைசாவை இரண்டு முறை முழுமையாக்குவதால் வருகிற வித்தியாசம். கையால் பில் போட்டாலும் அது வரும். கட்டுரை இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்பியிருக்கிறது.

'ஃப்ளோட்' எனப்படும் 32 பிட் வகையைப் பணத்துக்குப் பயன்படுத்துவோர் இன்னும் இருக்கிறார்கள் என்பதுதான் எனக்கு வியப்பு. அந்த வகையில் தொகை 1,31,072 ரூபாயைத் தொட்டதும் அடுத்தடுத்த இரு எண்களுக்கு இடைவெளி ரூபாயில் அறுபத்துநான்கில் ஒன்று, அதாவது ஒன்றரைப் பைசாவுக்கும் மேல் ஆகிவிடுகிறது. ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் பராமரிப்புக் கணக்கே ஒரு மாதத்தில் இந்த வரம்பைத் தாண்டிவிடும்.

கட்டுரையில் குறிப்பிடப்பட்ட, எதிரி ஏவுகணையை இடைமறிக்கத் தவறிய பேட்ரியட் ஏவுகணை விபத்தும் மிதவைப் புள்ளியால் நேர்ந்தது அல்ல. 1991 பிப்ரவரி 25 அன்று சவுதி அரேபியாவின் தஹ்ரானில் 28 அமெரிக்கப் படைவீரர்கள் இறந்த அந்தச் சம்பவத்தில், பத்தில் ஒரு வினாடி என்ற அளவு 24 பிட் நிலைப்புள்ளி (புள்ளியின் இடம் மாறாத) எண்ணாக வெட்டிச் சுருக்கப்பட்டிருந்தது. நூறு மணி நேரம் இடைவிடாது ஓடியதில் கடிகாரம் ஏறத்தாழ 0.34 வினாடி பிசகியது. பத்தில் ஒன்று இருமத்தில் அடங்காது என்ற மூலக் காரணம் ஒன்றே என்றாலும், எண்ணை வைத்த வடிவம் வேறு.

மாற்று வழி இல்லை என்பது எவ்வளவு தவறு என்பதற்கு கோபால் (COBOL) என்ற பழைய நிரல் மொழியே சாட்சி. வங்கிகள் அதில் பல பத்தாண்டுகளாகத் தசமக் கணக்கையே போட்டு வருகின்றன. பைத்தானில் டெசிமல், ஜாவாவில் பிக்டெசிமல், தரவுத்தளங்களில் நியூமெரிக் ஆகிய வகைகள் இதற்கென்றே இருக்கின்றன. ஐ.இ.இ.இ. 754 தரநிலையிலும் 2008 திருத்தத்தில் தசம வடிவங்கள் சேர்க்கப்பட்டன. எதுவும் வேண்டாம் என்றால், தொகை முழுவதையும் பைசாவாக முழு எண்ணில் வைத்துக்கொள்ளலாம். நான் செய்வது அதைத்தான். டெசிமலைப் பயன்படுத்துவோர் 0.1 என்ற டபுள் எண்ணை அப்படியே அதற்குள் அனுப்பினால் பழைய பிசகும் உடன் வந்துவிடும் என்பதால், மேற்கோள் குறிக்குள் எழுத்துச் சரமாகவே அனுப்ப வேண்டும். பாலத்தின் பளுவையோ மழை அளவையோ கணக்கிடுவோருக்கு டபுளே தாராளம். அத்தகைய அளவுகளை எடுக்கும் கருவி எதுவும் பதினைந்து இலக்கத் துல்லியம் தருவதில்லை.

வகையை மாற்றியதோடு வேலை முடிந்துவிடாது. பைத்தானின் ரவுண்டு கட்டளை, சரிபாதியாக நிற்கும் எண்ணை அருகிலுள்ள இரட்டை எண்ணுக்குக் கொண்டுபோகும், 2.5-ஐக் கொடுத்தால் 2 வரும். மத்திய ஜி.எஸ்.டி. சட்டத்தின் 170-ஆம் பிரிவோ செலுத்த வேண்டிய வரியில் ஐம்பது பைசாவோ அதற்கு மேலோ இருந்தால் ஒரு ரூபாயாக உயர்த்தச் சொல்கிறது, அதன்படி 3. இங்கே கணினியும் சரி, மொழியும் சரி. சட்டத்தைப் படிக்காமல் நிரல் எழுதியவர்தான் பொறுப்பு.

ஆகவே மென்பொருள் வாங்கும் கடைக்காரர்கள், தொகை எந்த வகை எண்ணில் வைக்கப்படுகிறது, அரைப் பைசா எந்தப் பக்கம் தள்ளப்படுகிறது என்ற இரண்டு கேள்விக்கும் விற்பவரிடம் எழுத்தில் பதில் வாங்கிக்கொள்வது நல்லது. மேலே சொன்ன 107 ரூபாய் பில்லை எதிரிலேயே போட்டுக் காட்டச் சொல்லலாம். ஒரு பாதி வரி 2.67 என்று வந்தால் விளக்கம் கேளுங்கள், 2.68 என்று வந்தாலும், 0.025-ஆல் பெருக்கியவருக்கும் அதுவே வரும் என்பதால், எழுத்து மூலமான பதிலை விட்டுவிட வேண்டாம்.

இப்படிக்கு,
பில்லிங் மென்பொருள் எழுதும் ஒரு வாசகர்,
அல்சூர், பெங்களூரு.