திருடனுக்கு எதற்கு ‘ஆர்’?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன ஞாயிறு வாசகர் கடிதப் பகுதியில் ஓர் அன்பர் பொங்கியிருந்தார். கைப்பையைப் பறித்துக்கொண்டு ஓடிய ஆளைப் பற்றிய செய்தியில் ‘பறித்தார்’, ‘ஓடினார்’, ‘பிடிபட்டார்’ என்று உங்கள் நிருபர் எழுதிவிட்டாராம். “திருடனுக்கு எதற்கு ‘ஆர்’? வீட்டில் நாம் அப்படியா பேசுகிறோம்?” என்று கேட்டிருந்தார். நியாயமான கேள்விதான். வீட்டில் நானும் ‘பறிச்சிட்டு ஓடிட்டான்’ என்றுதான் சொல்வேன்.

ஆனால் நான் 1986ல் வேலைக்குச் சேர்ந்து 2016ல் ஓய்வு பெறும்வரை, சிங்கப்பூரின் ஹேவ்லாக் சதுக்கத்தில் இருக்கும் அந்த எண்கோண நீதிமன்றக் கட்டடத்தில் தமிழ் மொழிபெயர்ப்பாளராக இருந்தவன். சேர்ந்தபோது கீழ் நீதிமன்றம் என்பார்கள். 2014ல் அரசு நீதிமன்றங்கள் என்று பெயர் மாறியது. சேர்ந்த முதல் வாரம் ஒரு பெரியவர் கூண்டில் நின்றார், என் அப்பா வயது. அரசுத்தரப்பு வழக்கறிஞர் ஆங்கிலத்தில் கேட்ட கேள்வியை நான் “நீ எடுத்தியா?” என்று தமிழாக்கினேன். ஆங்கில ‘யூ’வுக்குள் நீயும் இருக்கிறது, நீங்களும் இருக்கிறது; எதை எடுப்பது என்பது என் கையில். இடைவேளையில் என் மூத்தவர் நடைவழியில் நிறுத்தினார். “அந்த ஆள் குத்தவாளியா இல்லையான்னு நீதிபதியே இன்னும் சொல்லல. நீ முந்திக்கிட்டு சொல்லிட்டியே தம்பி” என்றார். அதற்குப் பிறகு யார் வந்து நின்றாலும் எனக்கு ‘நீங்கள்’தான்.

நிருபர்களுக்கும் இதே தொல்லை, எங்களைவிட அதிகமாக. நான் சொன்னது அந்த அறையோடு போயிற்று. அவர்கள் எழுதியதை வெட்டி எடுத்து அலமாரியில் வைத்துக்கொள்ள ஆள் இருக்கிறது.

வாசகர்களுக்குத் தெரிவது அச்சான செய்தி மட்டும். அதற்கு முன்னால் நடப்பதைக் கொஞ்சம் சொல்கிறேன். ஆங்கிலப் பத்திரிகைக்காரர்கள் இரண்டு மூன்று பேராக வருவார்கள். தமிழுக்கு வருவது ஒருவர். சில நாள் அவரும் வரமாட்டார். காலை எட்டரைக்கே வந்து, நாசி லெமாக் பொட்டலத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டு, அன்றைய வழக்குப் பட்டியலில் தமிழ்ப் பெயர் எங்கே என்று விரலால் தேடிக்கொண்டு போவார். 26ஆம் எண் நீதிமன்றத்தில் ஒரு வழக்கு கூப்பிடும் நேரத்தில் மாடியில் இன்னொன்றில் தண்டனை சொல்லிக்கொண்டிருப்பார்கள். எங்கே ஓடுவது? பெரும்பாலும் தண்டனைக்குத்தான் ஓடுவார்கள். ஒருவர் தன் குறிப்பேட்டில் நடுவே கோடு கிழித்து வைத்திருப்பார். இடப்பக்கம் நீதிமன்றத்தில் சொன்னது, வலப்பக்கம் தான் இன்னும் விசாரிக்க வேண்டியது. வலப்பக்கம் நிறைந்த நாளில் சாப்பிட வரமாட்டார்.

அவர்கள் என்னிடம் அதிகம் கேட்டது சட்டம் இல்லை, எழுத்து. குற்றச்சாட்டுத் தாளில் பெயர் ஆங்கில எழுத்தில் இருக்கும். ஒரே ‘எல்’தான், அது வல்லியா வள்ளியா? ஒரே ‘ஏ’தான்; கலையா காளையா? “அண்ணே, இதுக்கு எந்த ள?” என்று லிஃப்ட் கதவைக் கையால் பிடித்துக்கொண்டு கேட்பார்கள்.

ஒருநாள் கோப்புகளை இடுக்கிக்கொண்டு ஓடும்போது ஒரு நிருபரிடம் நான் தப்பாகச் சொல்லிவிட்டேன். மறுநாள் நான் சொன்னபடியே அச்சாகிவிட்டது. அந்தப் பெயரில், அதே வட்டாரத்தில், ஏறக்குறைய அதே வயதில் இன்னொருவர் இருந்தார். அவர் மனைவியை ஈரச் சந்தையில் மீன் வாங்கும்போது ஒரு பெண்மணி துக்கம் விசாரிப்பதுபோல் விசாரித்திருக்கிறார். மூன்றாம் நாள் மூன்று வரியில் திருத்தம் வந்தது. மொழிபெயர்ப்பாளர்தான் சொன்னார் என்று அந்த நிருபர் கடைசிவரை யாரிடமும் சொல்லவில்லை. திட்டு முழுவதையும் அவரே வாங்கிக்கொண்டார்.

அதிலிருந்து அவர் என்னிடம் கேட்பதை விட்டுவிட்டார். பிணையில் இருப்பவராக இருந்தால் வெளியே வரும்போது நேராகப் போய், “உங்க பேரைத் தமிழ்ல எப்படி எழுதுவீங்க?” என்று குறிப்பேட்டை நீட்டுவார். சிலர் திட்டிவிட்டுப் போவார்கள். பலர் எழுதிக் கொடுப்பார்கள், அதுதான் ஆச்சரியம். நாளைக்கு ஊர் முழுக்கப் படிக்கப்போகும் பெயரைப் புள்ளி வைத்து, சுழி போட்டு, நிதானமாக எழுதுவார்கள். ஒரு மளிகைக்கடைக் காசாளர் இனிஷியலோடு எழுதிவிட்டு ஒரு நிமிடம் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு இனிஷியலை மட்டும் அடித்தார். “அப்பா பேரு வேணாமே” என்றார். நிருபரும் அதைப் போடவில்லை. அது பத்திரிகை விதியா என்று எனக்குத் தெரியாது. எனக்குச் சரியாகப் பட்டது.

2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், வீட்டில் அதிகமாகத் தமிழ் பேசுவோர் 2.5 விழுக்காடுதான். எல்லாரும் எல்லாருக்கும் ஒருவகையில் தெரிந்தவர்கள். பகலில் நீதிமன்றத்தில் உட்கார்ந்த அதே நிருபர் மாலையில் உமறுப் புலவர் தமிழ்மொழி நிலையத்தில் நூல் வெளியீட்டுக்குப் போவார். அங்கே சால்வையோடு வரவேற்பவர் காலையில் கூண்டில் நின்ற பையனின் பெரியப்பாவாக இருப்பார். அப்படி ஒரு மாலையில் நானும் இருந்தேன். “தம்பி, நம்ம வீட்டுப் பையன் விஷயம், கொஞ்சம் பார்த்து...” என்று அவர் இழுத்தார். “ஐயா, உங்க பையனை விட்டுட்டா, நாளைக்கு வேற யார் பையனையும் எழுத எனக்கு வாய் வராது” என்றார் நிருபர். பெரியவர் ஒன்றும் பேசவில்லை. பந்தியில் நிருபருக்கு வடை வரவில்லை என்பது வேறு கதை.

பாலியல் வழக்குகளில் புகார் கொடுத்தவரின் அடையாளம் வெளிவராமல் இருக்க நீதிமன்றம் தடை போடும். குற்றம் சாட்டப்பட்டவர் சொந்தக்காரர் என்றால் அவர் பெயரையும் போட முடியாது, போட்டால் பிள்ளை யார் என்று தெரிந்துவிடும். “அயோக்கியன் பெயரை ஏன் மறைக்கிறீர்கள்?” என்று உங்களுக்கு எழுதுபவர்கள் இதை நினைத்துப் பார்க்க வேண்டும். ஆங்கிலப் பத்திரிகையில் வயதையும் தொழிலையும் போட்டால் ஒன்றும் தெரியாது. நம் பத்திரிகையில் வயது, தொழில், வட்டாரம் மூன்றையும் போட்டால் கோப்பிக் கடையில் பத்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள். அதனால் சட்டம் கேட்பதற்கு மேலேயே ஒன்றைக் குறைத்து எழுதும் தமிழ் நிருபர்களை நான் பார்த்திருக்கிறேன்.

தமிழ் நிருபருக்கு மட்டும் வரும் இன்னொரு சங்கடம் உண்டு. தண்டனை கேட்டதும் ஒருவர் கூண்டிலிருந்து பார்வையாளர் பக்கம் திரும்பி, “பாப்பாவோட ஸ்கூல் பஸ் காசு என் நீலச் சட்டைப் பையில இருக்கு, எடுத்துக்க” என்றார். நீதிபதி அதைக் கேட்கவில்லை, என்னை மொழிபெயர்க்கச் சொல்லவும் இல்லை. ஆங்கில நிருபர்கள் தலை நிமிரவில்லை. எங்கள் பக்கத்துப் பெண் நிருபரின் பேனா மட்டும் நின்றது. பிறகு என்னிடம் வந்து, “சார், நீங்க அதை மொழிபெயர்க்கலையே, நான் எழுதலாமா?” என்று கேட்டார். எனக்குச் சொன்னதைத்தான் நான் சொல்ல முடியும், அதற்கு மேல் தெரியாதம்மா என்றேன். அவர் எழுதவில்லை. அந்த வீட்டுக்குள் நாம் போகக்கூடாது என்று நினைத்திருப்பார். எழுதியிருந்தால், கூண்டில் நின்றவர் வாங்கிய தண்டனையின் மாதக் கணக்கோடு அவர் ஒரு தகப்பன் என்பதையும் நாலு பேர் படித்திருப்பார்களே என்று சில நாள் எனக்குத் தோன்றும்.

ஆகவே ‘ஆர்’ இருக்கட்டும் ஐயா. என் குறை வேறு. முதல் நாள் குற்றச்சாட்டை எழுதுகிறீர்கள். வழக்கு முடியும் நாளில் வருவதில்லை. 2013 டிசம்பரில் லிட்டில் இந்தியா கலவரத்துக்குப் பிறகு, குற்றம் சாட்டப்பட்ட வெளிநாட்டு ஊழியர்களைக் கொண்டுவந்தபோது நிருபர் பெஞ்சில் உட்கார இடமில்லை. யாருக்கும் தெரியாத ஒரு மளிகைக்கடைக் காசாளர் வழக்கு ஆறாவது தடவை கூப்பிடப்படும்போது அந்த பெஞ்சு காலி. ஆள் இல்லை, நேரம் இல்லை என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் ஒருவர் பெயரைப் போட்டால் அந்த வழக்கு எண்ணை எங்காவது குறித்து வைத்து, முடிவையும் அதே பக்கத்தில் நாலு வரி போடுங்கள். இதைத்தான் கேட்கிறேன்.

இனிஷியலை அடித்தாரே, அவரைச் சொல்கிறேன். முதல் நாள் கோப்பால் முகத்தை மூடிக்கொண்டு போனவர். பதினொரு மாதம் கழித்து அரசுத்தரப்பு குற்றச்சாட்டை மீட்டுக்கொண்டது. விடுதலைக்கு ஈடான விடுவிப்பு என்று மொழிபெயர்த்தேன். அவருக்குப் புரியவில்லை. “முடிஞ்சுது. இதே விஷயத்துக்கு உங்களை மறுபடி கொண்டுவர முடியாது” என்று நீதிபதியின் அனுமதியோடு எளிதாகச் சொன்னேன். அன்றைக்கு அவர் தலைக்கு எண்ணெய் வைத்துப் படிய வாரி, இஸ்திரி போட்ட சட்டையில் வந்திருந்தார்.

வெளியே வந்ததும் நிருபர் பெஞ்சைக் கதவு வழியாகத் திரும்பிப் பார்த்தார். “அந்தத் தம்பி வரலையா சார்?” என்றார். இரண்டு அறை தள்ளி வேறொரு பெரிய வழக்கு நடந்துகொண்டிருந்தது, எல்லாரும் அங்கே. நான் ஒரு போன் செய்திருக்கலாம். மொழிபெயர்ப்பாளர் செய்தி கொடுக்கக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு செய்யாமல் விட்டேன்.

அவர் லிஃப்ட் பக்கத்திலேயே அரை மணி நேரம் நின்றார். “இந்தத் தடவை இனிஷியலோட போடச் சொல்லணும் சார்” என்றார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர்,
தோ பாயோ