மருந்துச் சீட்டு இருந்தும் மறுப்பு

ஆசிரியர் அவர்களுக்கு,

வலி நிவாரணி மாத்திரைகள் போதைக்காக விற்கப்படுவதைத் தடுக்கும் சோதனைகள் அவசியமே. ஆனால் அந்தச் சோதனைகளுக்கு அஞ்சி, குடியாத்தம் பகுதியில் சில மருந்துக் கடைகள், முறையான சீட்டுடன் வரும் புற்றுநோயாளிகளின் குடும்பத்தாருக்கும் டிரமடால் என்னும் வலி நிவாரணி மாத்திரையைத் தர மறுப்பது மிகுந்த வேதனை அளிக்கிறது. மருத்துவர் சீட்டுடன் மட்டுமே விற்க வேண்டிய மருந்துகளின் 'எச்1' பட்டியலில் உள்ள இம்மருந்தை விற்கும்போது, நோயாளி, மருத்துவர் விவரங்களையும் கொடுத்த அளவையும் பதிவேட்டில் எழுதி 3 ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும் என்பதே விதி. சீட்டுடன் வருபவரைத் திருப்பி அனுப்ப அது சொல்லவில்லை. எலும்புவரை பரவிய வலியில் ஒருவர் படுத்திருக்க, அவர் மனைவி அன்றைய கூலியை விட்டுவிட்டு இந்த மாத்திரைக்காகவே வேலூருக்குப் பேருந்து ஏற வேண்டியிருப்பது கொடுமை. சீட்டில் ஐயம் இருந்தால் மருத்துவரிடம் தொலைபேசியில் கேட்கலாமே! மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை இதனைக் கடைக்காரர்களுக்கு எழுத்து மூலம் தெளிவுபடுத்த வேண்டும்.

வாசகர் ஒருவர்,
குடியாத்தம், வேலூர் மாவட்டம்.