குளோன்கரியில் ஜான் ஃபிளின் நினைவிடம்: சனிக்கிழமை பயணம்

நண்பர்களே, சனிக்கிழமை குளோன்கரியில் ஜான் ஃபிளின் நினைவு அருங்காட்சியகத்துக்குப் போகிறோம். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில் உள்ள பழைய தாமிரச் சுரங்க ஊர் இது. தொலைதூர ஊர்களுக்கு விமானத்தில் டாக்டரை அனுப்ப, பாதிரியாரான ஃபிளின் தொடங்கிய பறக்கும் மருத்துவர் சேவையின் முதல் விமானம், 1928 மே 17 அன்று இங்கிருந்துதான் கிளம்பியது. முதல் ஆண்டிலேயே 225 நோயாளிகள்!

அங்கே பெடல் ரேடியோவை நிதானமாகப் பாருங்கள். மின்சாரமே இல்லாத பண்ணை வீட்டில், சைக்கிள் மிதிப்பதுபோலக் காலால் மிதித்தால் டைனமோ சுற்றும். கை சும்மா இருப்பதால் தந்திக்குறி தட்டலாம். டாக்டர் வருவது அப்புறம், முதலில் கூப்பிட ஒரு வழி வேண்டுமே! 1929இல் ஆல்ஃபிரட் டிரேகர் என்ற பொறியாளர் செய்த இதுதான், என்னைக் கேட்டால், விமானத்தைவிடப் பெரிய விஷயம்.

ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் ஊரில் உள்ள ஃபிளின் கல்லறைக்கு, பழங்குடியினரின் புனிதப் பாறை ஒன்றைக் கேட்காமல் கொண்டுபோய் வைத்திருந்தார்கள். 1999இல்தான் மாற்றுக்கல் வைத்தார்கள். வண்டியில் பேசுவோம்.

அவர் முகத்தைப் பார்க்க, ஆஸ்திரேலிய 20 டாலர் நோட்டு போதும்.

வருபவர்கள் வியாழன் இரவுக்குள் பெயர் போடுங்கள். தொப்பி, தண்ணீர் மறக்காதீர்கள்.