ஐந்தும் ஐந்தும் எட்டு

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற வாரம் உங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில், ‘உலகின் சிறந்த 2 சதவீத விஞ்ஞானிகள்: நம்மூர் மருத்துவப் பேராசிரியர்களுக்கு ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் கௌரவம்’ என்று பெரிதாகச் செய்தி போட்டிருந்தீர்கள். பொன்னாடை, பூங்கொத்து, நடுவில் டீன் நிற்கும் படம். படத்தில் இருந்தவர்களில் ஒருவரை எனக்கு நன்றாகத் தெரியும். உழைப்பாளி, பாராட்டு அவருக்குத் தகும். என் குறை அவர் மீதல்ல, செய்தி மீது. மருத்துவக் கல்லூரி நூலகத்தில் 31 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். கடைசிப் பன்னிரண்டு ஆண்டுகளில் புத்தகம் எடுத்துக் கொடுத்ததைவிட, டாக்டர்களுக்கு ‘பேப்பர்’, அதாவது அவர்கள் எழுதிய ஆய்வுக் கட்டுரை, எண்ணிக் கொடுத்ததே அதிகம். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

ஸ்டான்ஃபோர்டு யாரையும் கௌரவிக்கவில்லை. அங்குள்ள ஜான் அயனிடிஸ் என்ற பேராசிரியரும் அவரோடு சேர்ந்தவர்களும், எல்செவியர் என்ற பதிப்பு நிறுவனத்தின் ஸ்கோபஸ் என்ற ஆய்வுக் கட்டுரைத் தரவுத்தளத்தை வைத்து ஒரு பட்டியல் எடுக்கிறார்கள். ஒருவருடைய கட்டுரையைப் பிறர் தங்கள் கட்டுரைகளில் எத்தனை தடவை மேற்கோள் காட்டினார்கள் என்பதுதான் அதன் அடிப்படை. எங்கள் வட்டாரத்தில் இதைச் சைட்டேஷன் என்போம். இதற்கு யாரும் விண்ணப்பிப்பதில்லை, நேர்காணல் கிடையாது, ஒருவருடைய கட்டுரையைத் திறந்து படித்துப் பார்ப்பதும் கிடையாது. அண்மைப் பட்டியல்களில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் இருக்கின்றன. அதுவும் பட்டியல் ஒன்றல்ல, இரண்டு: ஆய்வு வாழ்க்கை முழுவதற்குமான கணக்கு ஒன்று, ஒரே ஓர் ஆண்டுக்கான கணக்கு இன்னொன்று. தன் கட்டுரையைத் தானே மேற்கோள் காட்டிக்கொண்டது எத்தனை சதவீதம் என்பதற்கு ஒவ்வொருவர் பெயருக்கு நேராகவும் தனிக் கட்டம் உண்டு. அதைச் சேர்த்தால் எந்த இடம், கழித்தால் எந்த இடம் என்றும் போட்டிருக்கிறார்கள். தயாரித்தவர்களே இவ்வளவு எச்சரிக்கையாக இருக்கும்போது, உங்கள் செய்தியில் எந்தப் பட்டியல் என்ற விவரம்கூட இல்லை.

சரி, எண்ணுவது என்றால் என்ன என்று சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மதியம், சமூக மருத்துவத் துறையின் இணைப் பேராசிரியை ஒருவர் ஃபைலோடு நூலகத்துக்கு வந்தார். பேராசிரியர் பதவிக்கான தேர்வுக் குழு ‘எச்-இண்டெக்ஸ்’ கேட்டிருந்தது. “சார், எனக்கு அஞ்சுன்னு வருது. அப்போ இருபது வருஷமா நான் என்னதான் பண்ணிக்கிட்டிருந்தேன்?” என்றார்.

எச்-இண்டெக்ஸ் என்பது ஹிர்ஷ் என்ற கலிஃபோர்னியா இயற்பியல் பேராசிரியர் 2005-ல் சொன்ன கணக்கு. ஒருவருடைய கட்டுரைகளை அதிக மேற்கோள் பெற்றதிலிருந்து வரிசையாக அடுக்க வேண்டும். வரிசை எண்ணைவிட மேற்கோள் எண்ணிக்கை குறையாமல் எதுவரை வருகிறதோ அதுதான் விடை. அம்மையாரின் கணக்கில் இருந்தவை ஒன்பது கட்டுரைகள். 31, 18, 12, 9, 7, 5, 4, 2, 1. ஐந்தாவது கட்டுரைக்கு ஏழு மேற்கோள், சரி. ஆறாவதுக்கு ஐந்துதான், போதாது. ஆக எண் 5.

அவருடைய இனிஷியலைப் பார்த்ததும் எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. “கல்யாணத்துக்கு முன்னாடி என்ன இனிஷியல் மேடம்?” என்று கேட்டேன். அப்பாவின் இனிஷியலைப் போட்டுத் தேடினேன். வேறொரு ‘ஆள்’ அகப்பட்டார். அவருக்கு ஆறு கட்டுரைகள்: 44, 20, 11, 8, 6, 3. அவருடைய எச்-இண்டெக்ஸும் 5. இரண்டு பேரும் ஒருவரே என்று ஸ்கோபஸுக்கு விண்ணப்பம் அனுப்பி, சேர்த்த பிறகு அடுக்கினால் எட்டாவது கட்டுரைக்குச் சரியாக எட்டு மேற்கோள், ஒன்பதாவதுக்கு ஏழு. விடை 8. ஐந்தும் ஐந்தும் பத்து என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். இந்தக் கணக்கில் எட்டு. ஒரு வரி புதிதாக எழுதாமல் ஓர் ஆராய்ச்சியாளர் ஐந்திலிருந்து எட்டுக்குப் போனதை என் கண்ணால் பார்த்தேன்.

இது அபூர்வமான கதையல்ல. வெளிநாட்டுத் தரவுத்தளங்களுக்குக் குடும்பப் பெயர் வேண்டும். நமக்கு அது ஏது? முத்துக்குமார் என்று சேர்த்து எழுதினால் ஒருவர். முத்து குமார் என்று நடுவில் இடம் விட்டால் ‘குமார்’ குடும்பத்தைச் சேர்ந்த இன்னொருவர். குமார் எஸ். என்று பப்மெட் என்ற மருத்துவக் கட்டுரைத் தேடுதளத்தில் போட்டுப் பாருங்கள், கடலில் விழுந்த மாதிரி இருக்கும். ஒருவருக்கே இரண்டு கணக்கு, நான்கு பேருக்கு ஒரே கணக்கு, இரண்டையும் பார்த்திருக்கிறேன். அடுத்த ஊர்க்காரரின் இதய அறுவை சிகிச்சைக் கட்டுரைகள் தன் பெயரில் ஏறியிருப்பதை அறிந்தும் வாய் திறக்காத ஓர் உடற்கூறியல் பேராசிரியரையும் தெரியும். பெண் மருத்துவர்கள்தான் இதில் அதிகம் இழப்பவர்கள். திருமணத்தோடு பாதி ஆய்வு பிறந்த வீட்டிலேயே தங்கிவிடுகிறது. 2012-ல் ஆர்க்கிட் என்ற 16 இலக்க எண் வந்தது. பெயர் எப்படி மாறினாலும் ஆள் ஒருவரே என்று காட்டும். இளம் டாக்டர்கள் வேறு எதைச் செய்யாவிட்டாலும் அதை வாங்கிவிட வேண்டும், இலவசம்தான்.

பெயர் எங்கே நிற்கிறது என்பதில் இன்னொரு கூத்து. 2015-ல் அன்றைய இந்திய மருத்துவக் கவுன்சில், பதவி உயர்வுக்குக் கட்டுரையின் முதல் இரண்டு பெயர்களைத்தான் கணக்கில் எடுப்போம் என்றது. பிறகு தளர்த்தினார்கள். ஆனால் அந்தச் சில ஆண்டுகளில் நூலக மேசையில் நடந்த சண்டைகளை எழுதினால் உங்கள் பக்கம் போதாது. நோயாளிகளைப் பார்த்தவர் ஒருவர், ஸ்லைடு பார்த்தவர் ஒருவர், புள்ளிவிவரம் போட்டவர் ஒருவர். இரண்டாம் இடம் துறைத் தலைவருக்கு. மருத்துவக் கட்டுரையில் கடைசிப் பெயர் பெரும்பாலும் வழிநடத்தியவருடையது. ஸ்டான்ஃபோர்டு பட்டியலின் ஆறு அளவுகோல்களில் ஒன்று அந்தக் கடைசிப் பெயருக்கும் மதிப்புக் கொடுக்கிறது. நம்மூர் விதியிலோ அன்று அதற்குப் பூஜ்யம்.

சைட்டேஷன் கணக்கைத் தொடங்கி வைத்த யூஜின் கார்ஃபீல்டு இதற்காக அதைத் தொடங்கவில்லை. 1955-ல் ‘சயன்ஸ்’ இதழில் அவர் யோசனை சொன்னது படிப்பவனுக்காக. அமெரிக்க வக்கீல்களிடம் ஷெப்பர்டு என்றொரு அட்டவணை உண்டு. ஒரு தீர்ப்பை எடுத்து வாதாடும் முன், பின்னால் வந்த நீதிமன்றம் எதுவும் அதை ரத்து செய்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்வார்கள். அதுபோல ஒரு விஞ்ஞானக் கட்டுரையைப் பிற்பாடு யார் மறுத்தார்கள், யார் திருத்தினார்கள் என்று கண்டுபிடிக்க ஒரு வழி. தேடும் கருவிதான், எடைபோடும் தராசு அல்ல. எங்கள் தொழிலின் பிதாமகர், சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன், நூலக வேலைக்குள் கணிதத்தைக் கொண்டுவரும் ‘லைப்ராமெட்ரி’ என்ற சொல்லை 1948-லேயே முன்வைத்தவர். கணக்கு வாத்தியாராக இருந்து நூலகரானவர் அவர். நான் எண்களுக்கு எதிரி என்று யாரும் நினைத்துவிடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

மேற்கோள் கூடுவதற்குப் பல காரணங்கள். உலகத்திலேயே மிக அதிகமாக மேற்கோள் காட்டப்பட்டது, புரதத்தை அளப்பதற்கு லௌரியும் மற்றவர்களும் 1951-ல் எழுதிய செய்முறைக் கட்டுரை. மூன்று லட்சத்தைத் தாண்டிவிட்டது. தடுப்பூசியையும் ஆட்டிசத்தையும் முடிச்சுப் போட்டு ‘லான்செட்’ இதழில் 1998-ல் வந்த வேக்ஃபீல்டின் கட்டுரைக்கும் மேற்கோள் குவிந்தது, ஏராளமானோர் அதை மறுக்க வேண்டியிருந்ததால். 2010-ல் பத்திரிகை அதைத் திரும்பப் பெற்றது. கணினிக்கு இரண்டும் ஒன்றுதான்.

எதிர்ப்பக்கமும் இருக்கிறது. கல்கத்தாவில் சம்புநாத் டே, காலராக் கிருமியை வடிகட்டி நீக்கிய திரவமே முயலின் குடலில் நீரை ஊற வைக்கிறது, ஆகவே நோயைச் செய்வது கிருமி கக்கும் நஞ்சு என்று 1959-ல் ‘நேச்சர்’ இதழில் எழுதினார். காலரா ஆராய்ச்சியின் திருப்புமுனை அது. ஆனால் நெடுநாள் கவனிப்பாரில்லை. 1978-ல் நோபல் கருத்தரங்கு ஒன்றுக்கு அவரை அழைத்தபோது, அறுபதுகளின் தொடக்கத்திலேயே நான் செத்துப்போனேன், நீங்கள்தான் தோண்டி எடுத்திருக்கிறீர்கள் என்ற பொருளில் பேசினார். நோபல் பரிசு பெற்ற ஜோஷுவா லெடர்பெர்க் அவர் பெயரை நோபலுக்கே பரிந்துரைத்தவர். டே 1985-ல் காலமானார். அடுத்த ஆண்டு, அந்தக் கட்டுரை தொடக்கத்தில் கவனிக்கப்படாமல் போனதைப் பற்றி எழுதியவர் யார் தெரியுமா? சைட்டேஷன் கணக்கைக் கண்டுபிடித்த அதே கார்ஃபீல்டு.

நம் சென்னையிலேயே ஒன்று சொல்கிறேன். சேத்துப்பட்டில் இன்றைக்குத் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறதல்லவா, அங்கே 1956-ல் தொடங்கிய ஆய்வு. காசநோயாளியைச் சானடோரியம் என்ற தனி மருத்துவமனையில் வைத்துப் பார்த்தாலும், நெரிசலான வீட்டிலேயே இருக்கவிட்டு மாத்திரை கொடுத்தாலும் குணமாவதில் பெரிய வித்தியாசமில்லை என்று 1959-ல் உலக சுகாதார நிறுவன இதழில் முடிவு வந்தது. சானடோரியத்தை நம்பியிருந்த வைத்தியத்தை உலகம் முழுக்க மாற்றியது அது. கட்டுரையை எழுதியவர் யார் என்று பாருங்கள்: ‘காசநோய் கீமோதெரபி மையம், சென்னை’. அவ்வளவுதான். ஆள் பெயர் ஒன்றும் இல்லை. அங்கே உழைத்த டாக்டர்களுக்கும், வீடு வீடாகப் போனவர்களுக்கும் இந்தக் கட்டுரையால் எச்-இண்டெக்ஸ் ஒன்றுகூட ஏறாது.

ஆகவே பட்டியலே போடாதீர்கள் என்று கேட்கவில்லை. அடுத்த ஆண்டும் பட்டியல் வரும், பொன்னாடையும் வரும். அப்போது நிருபர் அந்த மருத்துவரிடம் ஒரே ஒரு கேள்வி கூடுதலாகக் கேட்கட்டும்: “நீங்கள் கண்டுபிடித்தது என்ன?” பதிலை இரண்டு வரி போடுங்கள். முழுவாழ்வுப் பட்டியலா, ஓராண்டுப் பட்டியலா என்பதற்கு அரை வரி போதும்.

எட்டு எண் வாங்கிய அம்மையார் பிறகு பேராசிரியர் ஆனார். அவருடைய 44 மேற்கோள் பெற்ற கட்டுரை, எங்கள் பக்கத்துக் கிராமங்களில் பீடி சுற்றும் பெண்களின் கழுத்து வலியையும் மூச்சுத் தொந்தரவையும் பற்றியது. தட்டை மடியில் வைத்துக் குனிந்தபடி நாள் முழுக்க உட்கார்ந்திருப்பவர்களை, வீட்டுத் திண்ணையிலேயே போய்ப் பார்த்து எழுதியது. தேர்வுக் குழுவில் அதைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை என்று அவரே சொன்னார். எண்ணைக் கேட்டார்களாம், எழுதிக்கொண்டார்களாம், “நெக்ஸ்ட்” என்றார்களாம்.

உங்கள் நிருபருக்கு அந்தப் பட்டியலைப் பிரித்துப் படிக்க உதவி தேவையென்றால் பாளையங்கோட்டை மாவட்ட மைய நூலகத்துக்கு வரச் சொல்லுங்கள். பெரும்பாலான நாட்கள் காலை பத்து மணிக்கு மேல் நாளிதழ்ப் பகுதியில் இருப்பேன். உங்கள் நாளிதழைத்தான் படித்துக்கொண்டிருப்பேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற மருத்துவக் கல்லூரி நூலகர்,
பாளையங்கோட்டை.